மாமாவின் காரில் பெட்ரோல் வாசனை

வின்னிபெக்கில் நாங்கள் விமானம் ஏறியபோது குளிர் மைனஸ் முப்பதில் நின்றது. சென்னையில் இறங்கி வெளியே வந்தால் என் மாமனார் குரங்குக் குல்லாய், மஃப்ளர், அரைக்கை ஸ்வெட்டர், அதற்குமேல் ஒரு சால்வை சகிதம் காத்திருந்தார். எனக்கு முதுகில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. "இந்த வருஷம் பனி ஜாஸ்தி மாப்ள. காதுல பஞ்சு வெச்சிக்கிங்க" என்று சட்டைப்பையிலிருந்து பஞ்சை எடுத்து நீட்டினார். வைத்துக்கொண்டேன். மாமனார் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் கல்யாணமான நாளிலிருந்து எனக்கு வந்ததில்லை.

வந்த காரியம் பிரசவம். என் மனைவி மலரின் தங்கை கயலுக்கு இது மாதம். கயலின் கணவர் ராணுவத்தில் எங்கோ பனிமலையில் நிற்கிறார், லீவு கிடைக்கவில்லை. ஆகவே கயலுக்குத் துணையாக மலர் வந்தாள். மலருக்குத் துணையாக நான் வந்தேன். எனக்குத் துணையாக நான்கு பெரிய பெட்டிகள் வந்தன.

"பெட்டியெல்லாம் உள்ளயே வெச்சிக்கலாம் மாப்ள. டிக்கி தெறக்காது. லாக்கு போயிடுச்சி" என்றார் மாமா. ஒரு பெட்டி முன் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்தது. மற்றவற்றில் இரண்டை நாங்கள் மடியில் வைத்துக்கொண்டோம், ஒன்றை நடுவில் நிறுத்தினோம். கனடாவிலிருந்து கொண்டுவந்த பாதாம் பருப்பு முழுவதும் என் தொடைமேல் பயணம் செய்தது.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு வாங்கிய பழைய கார் அது. அவர் வம்சத்திலேயே நான்கு சக்கரம் சொந்தமாக வாங்கிய முதல் ஆள் அவர்தான். தினமும் காலையில் துடைப்பார். துடைத்த பிறகு நான்கு பக்கமும் சுற்றிவந்து பார்ப்பார். அதைப் பற்றி யாராவது குறை சொன்னால், பரீட்சையில் நன்றாக எழுதிய பிள்ளைக்கு யாரோ மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டதைப் போல முகம் வாடிவிடும்.

விடிவதற்கு முன்பே கிளம்பினோம். பனி என்பதால் எல்லாக் கண்ணாடிகளும் மேலே. தாம்பரம் தாண்டுவதற்குள் மலர் மூக்கைச் சுளித்தாள். "நைனா, உள்ள பெட்ரோல் நாத்தம் அடிக்குது."

"முன்னாடி லாரி போவுது இல்ல, அதும்மா."

முன்னால் லாரி எதுவும் இல்லை. சாலை எங்களுக்கென்றே துடைத்து வைத்ததுபோலக் காலியாகக் கிடந்தது. திண்டிவனத்தில் டீ குடித்து, வடை தின்று, வெயில் ஏறிக் கண்ணாடிகளை இறக்கியதும் வாசனை காணாமல் போனது. "பாத்தியா, லாரி போயிடுச்சி" என்றார் மாமா.

செஞ்சியில் மாமா வீட்டு வாசலில் கயல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்காவைக் கட்டிக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "வண்டில எப்பிடிக்கா உக்காந்து வந்த? கொமட்டல?" என்பது. அப்போதுதான் இது வீட்டில் பல நாளாக ஓடிக்கொண்டிருக்கும் வழக்கு என்று எனக்குத் தெரிந்தது.

வழக்கு இதுதான். கயலுக்குப் பிரசவம் பார்க்கப் போவது பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரி. வலி எடுத்தால் அவளைத் தன் சொந்தக் காரில்தான் அழைத்துப்போவேன் என்று மாமா சொல்கிறார். அந்தக் காரில் ஏறினாலே வாந்தி வருகிறது, நான் ஏற மாட்டேன் என்று கயல் சொல்கிறாள். டாக்டரும் அந்த வாசனையைச் சுவாசிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். வாடகைக் கார் சொல்லிவைக்கலாம் என்று ராணுவத்திலிருந்து மாப்பிள்ளை போன் செய்தார். மாமா அந்தப் போனுக்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லையாம். "என் பொண்ணு வாடக வண்டில போவணுமா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

அன்று மதியம் நாட்டுக்கோழிக் குழம்பும் வறுவலும் ரசமும் எனக்கு ஊற்றப்பட்டன. ஊற்றப்பட்டன என்றால் நான் போதும் என்று கை மறித்த பிறகும் ஊற்றப்பட்டன. வின்னிபெக்கில் யாராவது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் கேரட் துண்டுகளைத் தட்டில் வைத்து நடுவில் வெள்ளையாக எதையோ வைப்பார்கள், அவ்வளவுதான். நான்காவது கரண்டிச் சோற்றின்போது அத்தை, அதாவது என் மாமியார், தீர்ப்பைச் சொன்னார். "மாப்ள குளிர் தேசத்துல இருக்கிறவரு. குளிர்ல வண்டிக்கு இன்னா ஆவும்னு அவருக்குத்தான் தெரியும். அவரு பாக்கட்டும்."

நான் வின்னிபெக்கில் பள்ளிக்கூடங்களுக்கு மேசை நாற்காலி விற்கும் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். காரைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அது கிளம்பாவிட்டால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பது மட்டுமே. ஆனாலும் வாயில் கோழிக்கால் இருக்கும்போது மனிதனுக்கு ஒரு துணிச்சல் வருகிறது. "குளிரில் ரப்பர் சுருங்கும் மாமா. பெட்ரோல் ஓஸ் சுருங்கி லேசாகக் கசியும். வெயில் ஏறினால் விரிந்து அடைத்துக்கொள்ளும். அதனால்தான் காலையில் மட்டும் வாசனை" என்றேன். எங்கள் ஊரில் ராத்திரி காரின் இன்ஜினைக் கரண்ட் பிளக்கில் சொருகிச் சூடாக வைத்திருப்போம் என்றும் சொன்னேன். "செல்போனாட்டம் சார்ஜ் போடுவீங்களா?" என்று அத்தை வியந்தார். மாமா, "சரியாச் சொன்னீங்க மாப்ள. ரப்பருதான்" என்றார். அவர் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதில் எனக்குப் பெருமையாக இருந்தது. அங்கேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாள் காரை அன்வர் பாயின் பட்டறைக்குக் கொண்டுபோனோம். திருவண்ணாமலை ரோட்டில், கோட்டை மலையைப் பார்த்தபடி இருக்கிறது பட்டறை. அவர் இன்ஜின் மூடியைத் திறந்து முகர்ந்தார். அடியில் படுத்து முகர்ந்தார். "இன்னா சார், ஒரு வாசனையும் இல்லியே" என்றார். வெயில் ஏறி வெகுநேரம் ஆகியிருந்தது, கண்ணாடிகளும் இறங்கியிருந்தன. மாமா என் ரப்பர் சித்தாந்தத்தை எடுத்து விளக்கினார். அன்வர் பாய் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். "ஓஸு நல்லாத்தான் கீது. ஆனா மாப்ள சொல்றாரே, மாத்திடுவோம்" என்றார்.

செஞ்சியில் மாப்பிள்ளையாக இருப்பதில் உள்ள சிக்கல் இது. நான் அம்பாசமுத்திரத்துக்காரன். எங்கள் பக்கத்தில் மருமகன் தப்பாகப் பேசினால் கிண்டல் செய்தே ஊரைவிட்டு ஓட்டிவிடுவார்கள். இங்கே வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை சூரியன் மேற்கே உதிக்கிறது என்று சொன்னால், "ஆமா மாப்ள, இந்த வருஷம் அப்பிடித்தான் கீது" என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். ஓஸ் மாற்றப்பட்டது. அதன் கிளிப்புகள் மாற்றப்பட்டன. மறுநாள் விடியற்காலையில் கயலைக் கெஞ்சிக் கூத்தாடி முன் இருக்கையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினோம். உள்ளே போன வேகத்தில் வெளியே வந்து முருங்கை மரத்தடியில் வாந்தி எடுத்தாள். பிள்ளைத்தாச்சியின் மூக்கைவிட நுட்பமான கருவி கனடாவிலும் இல்லை.

அத்தை தன் பங்குக்கு வைத்தியம் செய்தார். பாதியாக நறுக்கிய எலுமிச்சம்பழம் நான்கு மூலையிலும் வைக்கப்பட்டது. டம்ளரில் காப்பிப் பொடி வைக்கப்பட்டது. மரிக்கொழுந்துக் கட்டு ஒன்று கண்ணாடியில் தொங்கவிடப்பட்டது. பெட்ரோல் வாசனை போகவில்லை, பெட்ரோலில் ஊறிய மரிக்கொழுந்து வாசனை வந்தது. ஊதுபத்தி ஏற்றினால் போய்விடும் என்று மலர் ஒரு கட்டை எடுத்துக்கொண்டு போனபோது மட்டும் அத்தை பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டார். "வண்டில நெருப்பு கொளுத்தாதன்னு எத்தினி வாட்டி சொல்றது? புள்ளதாச்சி ஏறுற வண்டி, பொக ஆவாது." அது கொஞ்சம் அதிகமான கோபம் என்று எனக்குத் தோன்றியது.

தெருவும் சும்மா இருக்கவில்லை. போகிற வருகிறவர்கள் எல்லாரும் காரின் ஜன்னலில் தலையை விட்டு ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் கருத்துச் சொன்னார்கள். அறுவடை நேரம், வயல் எலி வந்து டியூபைக் கடித்திருக்கும் என்றார் எதிர்வீட்டுக்காரர். பெட்ரோலிலேயே கலப்படம் என்றார் பால்காரர். இரண்டையும் மாமா வரவேற்றார். எலியும் இருக்கலாம், கலப்படமும் இருக்கலாம், ரப்பரும் இருக்கலாம் என்றார். இவ்வளவு திறந்த மனதுடைய தலைமையாசிரியரை நான் பார்த்ததில்லை.

வெள்ளோட்டம் பார்க்கலாம் என்று ஒரு நாள் பனமலைக்குப் போனோம். நானும் மாமாவும் மலரும். கோவில் குன்றின் மேலே ஏறினால் கீழே ஏரி நிறையத் தண்ணீர். பல்லவர் காலத்துச் சுவரில் ஓவியம் ஒன்று அழிந்தது போக மிச்சம் இருக்கிறது. அர்ச்சகர் டார்ச் அடித்துக் காட்டினார். இறங்கி வந்து கொஞ்ச தூரம் போவதற்குள் டயரில் கருவேல முள் ஏறி, வண்டி ஒரு பக்கமாக நொண்டியது.

"ஸ்டெப்னியை எடுத்து மாட்டுவோம்" என்று சட்டைக் கையை மடித்தேன்.

"ஸ்டெப்னி டிக்கில கீது மாப்ள. டிக்கிதான் தெறக்காதே."

ஆக, ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். பஞ்சர் போடுகிறவரைப் போனில் பிடித்து, அவர் டி.வி.எஸ். வண்டியில் சாமான்களோடு வந்துசேரும்வரை வெயில் ஏறிக்கொண்டே போனது. வழியில் போன ஒரு அம்மா மல்லாட்டையை முந்தானையிலிருந்து அள்ளிக் கொடுத்து, "யாரூட்டுப் பசங்க?" என்று விசாரித்துவிட்டுப் போனார். எனக்கு நாற்பத்தைந்து வயது. பசங்க என்று யாரோ சொல்லிக் கேட்டு நாளாகியிருந்தது. மாமா மட்டும் வேர்க்கடலையை உரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு ஏரிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கம்தான் எங்க ஊரு. காலனில இருந்தோம். வேலைக்குச் சேர்ந்த புதுசுல" என்றார்.

"போய்ப் பார்த்துவிட்டு வரலாமா?" என்றேன்.

"எதுக்கு?" என்றார். கையிலிருந்த வேர்க்கடலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பஞ்சர் போட்டபிறகு திரும்பி வரும்போது, மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்கள் எங்களை ஓரம்கட்டிக்கொண்டு பறந்தன. அவர் ஹாரன்கூட அடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் கயல் முடிவாகச் சொன்னாள். "நைனா, நான் வாடக வண்டிக்குச் சொல்லிட்டன். இன்னும் எத்தினி நாள் இருக்குதுன்னு தெரியல. உன் வண்டி சரியாவுறதுக்கு வெயிட் பண்ண முடியாது. கோச்சிக்காத." மாமா கோபித்துக்கொள்ளவில்லை. துணியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். காலையில் ஒரு முறை துடைத்த காரை மறுபடியும் துடைத்தார். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மனசு கேட்கவில்லை. இந்த மனிதருக்காக அந்த வாசனையை நான் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று முதல் தடவையாக உண்மையாக நினைத்தேன்.

படுக்கையில் போனை வைத்துக்கொண்டு வீடியோக்கள் பார்த்தேன். உலகம் முழுவதும் மனிதர்கள் காருக்குள் பெட்ரோல் வாசனையோடு அல்லாடுகிறார்கள் என்று தெரிந்தது ஆறுதலாக இருந்தது. பெட்ரோல் மூடியின் வாஷர் கிழிந்திருந்தாலும் வாசனை வரும் என்றான் ஒருவன். பின்சீட்டுக்கு அடியில் பம்பின் மூடி இறுக்கமில்லை என்றாலும் வரும் என்றான் இன்னொருவன். எல்லாவற்றுக்கும் முதல் விதி ஒன்று சொன்னார்கள். வாசனை எப்போது வருகிறது என்று பார்க்காதே, அப்போது நீ என்ன செய்கிறாய் என்று பார்.

அது எனக்குச் சுருக்கென்றது. காலையில் மட்டும் நாங்கள் என்ன செய்கிறோம்? கண்ணாடியை ஏற்றுகிறோம். செஞ்சியில் வருஷம் முழுவதும் கண்ணாடியை இறக்கித்தான் வண்டி ஓடுகிறது. மார்கழி விடியலில் மட்டும்தான் மூடுகிறார்கள். குளிர் வண்டிக்கு ஒன்றும் செய்யவில்லை. வண்டிக்குள் இருக்கிறவர்களைத்தான் ஏதோ செய்தது. வாசனை எந்நேரமும் இருந்திருக்கிறது, காற்று அதைக் கொண்டுபோய்க்கொண்டிருந்திருக்கிறது. என் ரப்பர் சித்தாந்தம் அந்தப் படுக்கையிலேயே காலமானது.

விடியலில், கோவில் ஸ்பீக்கர் பாடத் தொடங்கியதும், யாரையும் எழுப்பாமல் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். எல்லாக் கதவையும் மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, மோப்ப நாயைப் போல முன்னும் பின்னும் முகர்ந்தேன். முன்பக்கம் குறைவு. பின்சீட்டின் அடியிலும் குறைவு. பின்சீட்டில் முதுகு சாயும் பக்கத்தில் முகத்தை வைத்தபோது கண் எரிந்தது. சரி, மூடியின் வாஷரையும் பார்த்துவிடுவோம் என்று டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் கீழே இருக்கும் கொக்கியை இழுத்தேன். அங்கே இரண்டு கொக்கிகள் இருந்தன. ஒன்று பெட்ரோல் மூடிக்கு, இன்னொன்று டிக்கிக்கு. எனக்கு எது எது என்று தெரியாததால் இரண்டையும் இழுத்துவிட்டேன்.

டிக்கி டப்பென்று திறந்து, மரியாதையாக மேலே எழுந்து நின்றது.

போய்ப் பார்த்தேன். ஸ்டெப்னி இருக்க வேண்டிய குழியில் ஸ்டெப்னி இல்லை. சமையல் எண்ணெய் வரும் பெரிய பிளாஸ்டிக் கேன் ஒன்று, போன முறை நான் மாமாவுக்கு வாங்கிவந்த கனடா ஜெர்கினைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூடிக்கு மேல் பாலிதீன் தாளைச் சுற்றிச் சணலால் கட்டியிருந்தது. பகல் வெயிலில் உப்பி உப்பி வயிறு பெருத்த கேன். குனிந்ததும் வாசனை முகத்தில் அறைந்தது. முழுக்கப் பெட்ரோல்.

இரண்டடி பின்னால் தள்ளி நின்றேன். நிறைமாத கர்ப்பிணியை இதற்கு முன்னால் உட்காரவைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறோம். மலர் ஊதுபத்திக் கட்டோடு வந்திருக்கிறாள். பயம் போய்க் கோபம் வந்தபோது, பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. குரங்குக் குல்லாயோடு மாமா.

"மாமா, இது என்ன? ஒரு பொறி போதும், எல்லாரும் போயிருப்போம். ஓஸ் மாத்தினோம், கிளிப் மாத்தினோம், எலிமேல பழி போட்டோம். நீங்க கூடவே நின்னு பார்த்துட்டு இருந்தீங்களே?" குரல் என்னையும் மீறி உயர்ந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"நல்லா இறுக்கிக் கட்டித்தான் வெச்சன் மாப்ள. இதுலேருந்து வரும்னு நெனைக்கல. அப்புறம் நெனச்சன். ஆனா எடுக்க மனசு வரல."

"எதுக்கு மாமா கேன்? டேங்க் ஃபுல்லாத்தானே இருக்கு?"

அவர் டிக்கியின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டார். "மலருக்கு முன்னாடி ஒரு புள்ள" என்றார்.

எனக்குப் புரியவில்லை. என் மனைவிதான் இந்த வீட்டின் மூத்த பிள்ளை. கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படித்தான் அடித்திருந்தோம்.

"பையன். ஏரிக்கு அந்தாண்ட, அன்னிக்குக் காட்டினேனே, அங்கதான் இருந்தோம். உங்க அத்தைக்கு வலி எடுத்துச்சி. ஊர்ல ஒரே ஒரு காரு. போய்க் கேட்டன். இல்லன்னு சொல்லல, குடுத்தாங்க. டிரைவரும் நல்ல மனுஷன், உடனே எடுத்தான். ஏரிக்கர தாண்டினதும் வண்டி நின்னுடுச்சி. பெட்ரோல் இல்ல." கேனின் சணலை இழுத்துப் பார்த்தார். "யாரோ சைக்கிள் குடுத்தாங்க. டிரைவரு கேன எடுத்துக்கினு செஞ்சிக்குப் போனான். பெட்ரோலோட வந்தான். வர்றதுக்குள்ள ஆயிப்போச்சி."

கோவிலில் பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கியது.

"யாரையும் குத்தம் சொல்ல முடியல மாப்ள. அதான் இன்னிக்கு வரைக்கும் கஷ்டமா கீது" என்றார். பிறகு, "பெரியவளுக்குத் தெரியாது. சின்னவளுக்கும் தெரியாது. சொல்லாதீங்க" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. நான்தான் அவருடைய மஃப்ளரை வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதன் பிறகு இரண்டு பேரும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். கேன் வண்டியில் இருக்கக் கூடாது. டேங்க் ஒரு நாளும் குறையக் கூடாது. "ஃபுல் டேங்க் இருந்தா பாண்டிக்கு எத்தினி வாட்டி போலாம்?" என்று கேட்டார். நான் கணக்குப் போட்டு, குறைந்தபட்சம் நாலு தடவை போய்த் திரும்பலாம் என்றேன். கணக்கு எழுதுகிறவன் சொன்னதால் நம்பினார், அல்லது நம்பியதுபோல் இருந்தார்.

கேனை அன்வர் பாயிடம் கொடுத்தோம். பரண்மேல் கிடந்த ஸ்டெப்னி அதன் குழிக்குத் திரும்பி வந்தது. டிக்கியைத் திறந்து போட்டு ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவைத்தோம். வீட்டில் நான், பெட்ரோல் மூடியின் வாஷர் கிழிந்திருந்ததாகவும், அதோடு டிக்கி லாக்கும் சரியாகிவிட்டதாகவும் அறிவித்தேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை சொல்லிவிட்டார். அத்தை மட்டும் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி" என்றார்.

மறுநாள் விடியலில் கயலை உட்காரவைத்து, கண்ணாடிகளை ஏற்றி, கதவைச் சாத்தினோம். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவள் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு கண்ணாடியை இறக்கி, "நைனா, ஒண்ணும் இல்ல. நல்லா கீது. நம்ம வண்டிலயே போலாம்" என்றாள். வாடகைக் காருக்குப் போன் செய்து வேண்டாம் என்றாள். மாமா துணியை எடுத்துக்கொண்டு போய், ஏற்கெனவே பளபளத்த கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

என் புகழ் தெருவில் பரவியது. எதிர்வீட்டுக்காரர் தன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, "சைலன்சர்ல ஏதோ சவுண்டு வருது, கொஞ்சம் மோந்து பாருங்க சார்" என்றார். சவுண்டை எப்படி மோந்து பார்ப்பது என்று நான் கேட்கவில்லை. முகர்ந்து பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்றேன். திருப்தியாகப் போனார்.

மாமா மட்டும் இருப்புக்கொள்ளாமல் இருந்தார். தினமும் சாயங்காலம் பங்க்குக்குப் போய், இல்லாத இடத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தார். பங்க் ஆட்கள் அவரைப் பார்த்ததும் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

கயலுக்கு வலி எடுத்தது ஒரு பனிமூட்டமான காலையில். கோட்டை மலை அடியோடு காணாமல் போயிருந்தது. அன்று மதியம் பாண்டிச்சேரியில் பெண் குழந்தை பிறந்தது, தாயும் சேயும் நலம். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்தது அது இல்லை. நான் சொல்ல வந்தது வழியில் நடந்தது.

மாமா ஓட்டினார். நான் முன்னால். பின்னால் நடுவில் கயல், ஒரு பக்கம் மலர், ஒரு பக்கம் அத்தை. கயல் அத்தையின் மடியில் தலையை வைத்து முனகிக்கொண்டிருந்தாள். பெட்ரோல் முள் ஃபுல்லுக்கு மேலே முட்டிக்கொண்டு நின்றது. திண்டிவனம் ரோட்டில் ஊர் எல்லையைத் தாண்டும்போது, மாமா இண்டிகேட்டர் போட்டுப் பங்க்குக்குள் திருப்பினார்.

"நைனா! இன்னா பண்ற?" என்று மலர் கத்தினாள். "நேத்து சாயங்காலம்தான போட்ட?"

அவர் இறங்கிவிட்டார். வேலைக்கு நின்ற பெண் குழாயை வைத்தாள், அது உடனே டக்கென்று நின்றுவிட்டது. "ஃபுல்லா கீது சார்."

"இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா."

"எறங்காது சார். மேல வழிஞ்சிடும்."

"பரவால்லம்மா, ஊத்திப் பாரு."

கயல் வலியில் பல்லைக் கடித்தாள். மலர் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நீங்களாவது எறங்கிச் சொல்லுங்களேன்! நைனாவுக்குப் பைத்தியம் புடிச்சிடுச்சா?"

நான் கதவில் கை வைத்தேன். இறங்கவில்லை.

"வுடு மலரு. போட்டுக்கட்டும்" என்றார் அத்தை.

கல்யாணமான நாளிலிருந்து மாமா செய்யும் ஒவ்வொரு காரியத்திலும் குறை கண்டுபிடிக்கும் அத்தை, மகளின் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்த்த என்னிடம், தாழ்ந்த குரலில் சொன்னார்: "கேன எடுத்துட்டீங்க இல்ல மாப்ள. அதான்."

மாமா மூடியைத் தானே திருகி மூடினார். இழுத்துப் பார்த்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, கண்ணாடியில் அத்தையைப் பார்த்தார்.

"ஃபுல்லு" என்றார்.

"தெரியும். எடுங்க வண்டிய" என்றார் அத்தை.